28,000 ரூபாய் ரோஜா, 2,000 ரூபாய் ரோஜா: உண்மையில் எவ்வளவு மிச்சம்?



ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். ஒரு பெர்ஃப்யூம் பாட்டில் விலை 28,000 ரூபாய். கிட்டத்தட்ட அதே வாசனை தர்ற இன்னொரு பாட்டில் 2,000 ரூபாய். நீங்க இரண்டாவதை வாங்கிட்டீங்க. இப்போ உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?

"26,000 ரூபாய்"னு மனசுல பதில் வந்திருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏன்னா அந்த 26,000 எந்த மாசமும் உங்க அக்கவுண்ட்ல வந்து உட்காராது. நீங்க பண்ணினது 2,000 ரூபாய் செலவு. பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியப்போறது அது ஒண்ணுதான்.

உடனே "பெர்ஃப்யூமே வாங்காதீங்க, அந்தக் காசை எஸ்ஐபி போடுங்க"ன்னு அட்வைஸ் வரப்போகுதுன்னு பயப்படாதீங்க. நான் வளர்ந்தது ராயபுரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வீடு இருக்கிறவங்க, மணலியில ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றவங்க, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல பைக் ஓட்டி, அப்புறம் கிண்டியிலயோ ஓஎம்ஆர்லயோ ஏசி ஆபீஸ்ல போய் உட்கார்றவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். "எந்த ஏரியா?"ன்னு கேட்டுட்டு, பதில் வந்ததும் எதிர்ல இருக்கிறவங்க முகம் லேசா மாறுறதை நம்ம பசங்க, பொண்ணுங்க பல பேர் பார்த்திருப்பீங்க. அதனால வாசனைக்குச் செய்யற செலவை "வெட்டிச் செலவு"ன்னு நான் எழுத மாட்டேன். நம்மள்ல நிறைய பேருக்கு அது சட்டையை அயர்ன் பண்ற மாதிரி ஒரு தேவை. தேவைக்கு எவ்வளவு கொடுக்கலாம், எங்க ஏமாறுவோம்ங்கிறதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதல்ல, எந்த ரோஜாவைப் பத்திப் பேசுறோம்?

பார்ஃப்யூம்ஸ் டி மார்லி, 2009ல ஆரம்பிச்ச ஒரு பிரெஞ்சு ஆடம்பர பிராண்ட். அவங்க 2017ல கொண்டுவந்த பெண்களுக்கான வாசனை "டெலினா". உருவாக்கினவர் குவென்டின் பிஷ்ங்கிற பெர்ஃப்யூமர். அடிச்சவுடனே லிச்சிப் பழம், ருபார்ப், பெர்கமோட்னு ஒரு புளிப்பு இனிப்பான பழ வாசனை வரும். கொஞ்ச நேரத்துல துருக்கி ரோஜாவும் பியோனிப் பூவும் மேல வரும். கடைசியா வெண்ணிலா, மஸ்க், மர வாசனை தங்கும். "பழ ரோஜா"ன்னு சொல்ற ரகத்துல இன்னைக்கு உலகம் முழுக்கப் பேசப்படற பேர் இது. இந்தியாவுல 75 மில்லி பாட்டிலே 25,000 ரூபாய்க்கு மேல போகுது. நம்ம கணக்குக்கு 28,000ன்னு வச்சுக்குவோம்.

இதைப் பார்த்து வந்த வாசனைகள் நிறைய. அதுல நம்ம ஊர் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல அடிக்கடி வர்றது மேசன் அல்ஹம்ப்ராவோட "டிலைலா". பேரைப் பார்த்தா பிரெஞ்சு மாதிரி இருக்கும், ஆனா அது ஐக்கிய அரபு அமீரகத்தோட லத்தாஃபா நிறுவனத்து பிராண்ட். சிம்சோன் கதையில வர்ற தெலீலாள் தான் இந்த டிலைலா. பேர்லயே ஒரிஜினல் ஞாபகம் வரணும், ஆனா பேர் ஒண்ணா இருக்கக் கூடாது. அந்த இடைவெளியிலதான் இந்த பிசினஸே ஓடுது. 100 மில்லி சுமார் 2,000 ரூபாய் ரேஞ்சுல கிடைக்குது.

இவ்வளவு குறைவான விலைக்கு எப்படி முடியுது?

"ஏதோ கலப்படம் இருக்கும்"னு நினைக்கிறவங்க இருக்காங்க. விஷயம் அப்படி இல்லை.

நிஜ ரோஜாப்பூவில இருந்து ஒரு கிலோ எண்ணெய் எடுக்கணும்னா ஏறக்குறைய 3,000 முதல் 5,000 கிலோ இதழ் வேணும். அதனால அந்த எண்ணெய் விலை லட்சங்கள்ல இருக்கும். ஆனா ரோஜா வாசனைக்குக் காரணமான முக்கியமான பொருட்கள் என்னென்னன்னு வேதியியல்காரங்க எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. ஜெரானியால், சிட்ரோனெலால், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் மாதிரி சில பேர்கள். இதையெல்லாம் பூ இல்லாமலே தொழிற்சாலையில செய்யலாம். இதுல ஃபினைல் எத்தில் ஆல்கஹாலைப் பெரும்பாலும் கச்சா எண்ணெயில இருந்து வர்ற பென்சீன், ஸ்டைரீன் வழியாத்தான் செய்யறாங்க. மணலி ரிஃபைனரிப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கிறோம் இல்லையா? அந்த மாதிரி ஒரு ஆலையில ஆரம்பிக்கிற சங்கிலியோட இன்னொரு முனையில ரோஜா பூத்து நிக்குது. 28,000 ரூபாய் பாட்டில்லயும் லேப்ல செஞ்ச பொருட்கள் உண்டு, 2,000 ரூபாய் பாட்டில்லயும் உண்டு.

அப்புறம், ஒரு வாசனையைப் பிரிச்சுப் பார்க்க கேஸ் குரோமட்டோகிராஃபின்னு ஒரு கருவி இருக்கு. கலவையில என்னென்ன இருக்கு, ஏறக்குறைய எவ்வளவு இருக்குன்னு அது காட்டிடும். அதை வச்சு அனுபவமுள்ள ஒருத்தர் நெருக்கமா ஒரு வாசனையைக் கட்டிடலாம். அச்சு அசலா வராது. காரணம், பெரிய வாசனை நிறுவனங்கள் சில மூலப்பொருட்களை வெளியில யாருக்கும் விக்காம தங்களுக்கே வச்சுக்குவாங்க. தரமான நிஜப் பூ எண்ணெய்க்கும் மாற்று அவ்வளவு சுலபமில்லை. அந்த வித்தியாசத்தை நீங்க அடிச்ச முதல் அஞ்சு நிமிஷத்துல உணர மாட்டீங்க. மூணாவது மணி நேரத்துல உணரலாம்.

ஆக, ஆடம்பர பாட்டிலுக்கு நீங்க கொடுக்கிற காசுல வாசனை ஒரு பங்குதான். உருவாக்கினவரோட உழைப்பு, பாட்டில், விளம்பரம், கடை வாடகை, ஏஜென்ட் மார்ஜின், "இது டெலினா"ன்னு சொல்லிக்கிற பெருமை எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பெருமைக்குக் காசு கொடுக்கிறது தப்பில்லை. எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

இது சட்டப்படி சரியா?

ரொம்ப முக்கியமான கேள்வி. மார்க்கெட்ல மூணு வகை இருக்கு. இதைக் குழப்பிக்காதீங்க.

ஒண்ணு, ஒரிஜினல். இரண்டு, "இன்ஸ்பயர்டு". அதாவது வாசனை நெருக்கமா இருக்கும், ஆனா சொந்தப் பேர், சொந்த கம்பெனி, சொந்த லேபிள். மூணு, "ஃபர்ஸ்ட் காப்பி". அதாவது டெலினான்னே பேர் போட்டு, அதே லோகோ போட்டு வர்ற போலி.

இரண்டாவது வகை எப்படி தப்பிக்குதுன்னா, வாசனையைச் சட்டத்தால கட்டிப்போடறது கஷ்டம். பேடன்ட் வாங்கணும்னா ஃபார்முலாவை வெளியில சொல்லணும், அதுவும் 20 வருஷத்துல முடிஞ்சிடும். அதனால எல்லாரும் ரகசியமாவே வச்சுக்கிறாங்க. காப்பிரைட் கேட்டும் போராடிப் பார்த்தாங்க. 2006 ஜூன் மாசம் ஒரு வேடிக்கை நடந்துச்சு. பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் "பெர்ஃப்யூம் வாசனைக்குக் காப்பிரைட் கிடையாது"ன்னு 13ஆம் தேதி சொன்னது. மூணே நாள்ல, 16ஆம் தேதி, நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் "கிடைக்கலாம்"னு சொல்லிடுச்சு!

நம்ம நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். இந்திய டிரேட்மார்க் பதிவகம் முதல்முறையா ஒரு வாசனையை டிரேட்மார்க்கா ஏத்துக்க முன்வந்தது 2025 நவம்பர்லதான். என்ன வாசனை? ரோஜா. எதுக்கு? டயருக்கு! ஜப்பானைச் சேர்ந்த சுமிட்டோமோ ரப்பர் நிறுவனம் கேட்டது. 1946ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செய்யற சின்ன யூனிட்டா எம்ஆர்எஃப் ஆரம்பிச்சது. அந்த ஊர்க்காரங்களுக்கு டயர் எப்படி வாசம் அடிக்கும்னு நான் சொல்லித் தரணுமா? டயர்ல இயல்பா ரோஜா வாசம் வராது. அதனால ரோஜா வாசம் வந்தா "ஓ, இது அந்த கம்பெனி"ன்னு அடையாளம் ஆகலாம். பெர்ஃப்யூம்ல அப்படி இல்லை. அங்க விக்கிற சரக்கே வாசனைதான். அதனால அதைத் தனி அடையாளமா உரிமை கொண்டாடறது ரொம்பக் கஷ்டம்.

மூணாவது வகைக்கு வருவோம். பேரையும் லோகோவையும் திருடுறது சந்தேகமே இல்லாம குற்றம். 1999ஆம் வருஷத்து டிரேட்மார்க்ஸ் சட்டம் 103, 104ஆம் பிரிவுகள்படி ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரை அபராதம். இதுல 104 விக்கிறவங்களுக்கானது. ஏன் இதைக் குறிப்பா சொல்றேன்னா, சம்பளம் பத்தலைன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "ஃபர்ஸ்ட் காப்பி பெர்ஃப்யூம், 599 மட்டும்"னு போட்டு ஆபீஸ் நண்பர்களுக்கு விக்கிறவங்க நிறைய பேர். பாட்டிலுக்கு 100 ரூபாய் லாபத்துக்கு, பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் இருக்கிற வேலையைப் பணயம் வைக்காதீங்க. பார்ட்-டைமா விக்கணும்னா இரண்டாவது வகையை, பில்லோட வாங்கி, பில்லோட வித்துப் பழகுங்க.

இப்போ நம்ம ஏரியா கணக்கு: ஒரு ஸ்ப்ரே எவ்வளவு?

பாட்டில் விலையைப் பார்க்காதீங்க. ஒரு ஸ்ப்ரே விலையைப் பாருங்க. ஒரு தடவை அழுத்தினா சுமார் 0.1 மில்லி வரும். அப்போ 100 மில்லி பாட்டில்ல ஏறக்குறைய 1,000 ஸ்ப்ரே. 75 மில்லியில 750.

ஒரிஜினல்: 28,000 ரூபாயை 750ஆல வகுத்தா ஒரு ஸ்ப்ரே 37 ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு 4 ஸ்ப்ரேன்னா 149 ரூபாய். மாசம் 26 வேலை நாளுக்கு ஏறக்குறைய 3,880 ரூபாய்.

இன்ஸ்பயர்டு: 2,000 ரூபாயை 1,000ஆல வகுத்தா ஒரு ஸ்ப்ரே 2 ரூபாய். சீக்கிரம் மங்கும்னு வச்சு, 4க்குப் பதிலா 6 ஸ்ப்ரே போட்டுக்குவோம். ஒரு நாளைக்கு 12 ரூபாய். 26 நாளுக்கு 312 ரூபாய்.

கையில வர்ற சம்பளம் 22,000 ரூபாய்னு வச்சுக்குங்க. முதல் கணக்கு சம்பளத்துல 17 சதவீதத்துக்கு மேல. இரண்டாவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. என் கிளையன்ட்ஸுக்கு நான் சொல்ற அளவு இது: சோப்பு, வீட்டுச் சாமான் போக, வாசனைக்குன்னு தனியா போற செலவு கையில வர்ற சம்பளத்துல 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 22,000க்கு அது 440 ரூபாய். அதுக்குள்ள இருந்தா நிம்மதியா அடிச்சுக்கிட்டுப் போங்க, யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவுல வித்தியாசம் மாசம் ஏறக்குறைய 3,500 ரூபாய். வருஷத்துக்கு 42,000. ஆனா கவனிங்க, நீங்க எந்தக் காலத்துலயும் ஒரிஜினல் வாங்கப்போறவர் இல்லைன்னா இந்த 42,000 உங்களுக்குச் சேமிப்பு ஆகாது. உங்களோட உண்மையான ஒப்பீடு, இவ்வளவு நாள் வாங்கிட்டிருந்த டியோடரண்ட்கூடத்தான். மாசம் 150 ரூபாய் டியோல இருந்து 312 ரூபாய்க்கு மாறினா, உங்க செலவு 162 ரூபாய் ஏறியிருக்கு. ஏறட்டும், தப்பில்லை. ஆனா "சேமிச்சேன்"னு சொல்லி அதே பேர்ல இன்னொரு பாட்டிலை ஆர்டர் பண்ணாதீங்க.

உண்மையான பொறி இங்கதான்

28,000 ரூபாய் பாட்டில் நம்மள பெரும்பாலும் கவுக்காது. அந்த விலையைப் பார்த்ததும் நாமே பயந்து நின்னுடுவோம். 2,000 ரூபாய் பாட்டில்தான் கவுக்கும். "இரண்டாயிரம்தானே"ன்னு கை தானா போகும்.

இந்த மாசம் பழ ரோஜா. அடுத்த மாசம் ஊது. அதுக்கு அடுத்து வெண்ணிலா. ரீல்ஸ்ல "இது அதோட டூப், அது இதோட டூப்"னு வந்துகிட்டே இருக்கும். மாசம் ஒண்ணு வாங்கினா வருஷத்துக்கு 24,000 ரூபாய். ஒரிஜினல் விலையைக் கிட்டத்தட்ட தொட்டாச்சு! இப்போ வீட்டுல 12 பாட்டில், அதாவது 12,000 ஸ்ப்ரே. ஒரு நாளைக்கு 6 ஸ்ப்ரே, மாசம் 26 நாள்னா வருஷத்துக்கு 1,872 தான் செலவாகும். எல்லாத்தையும் தீர்க்க ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம ஊர் வெக்கையில, ஓட்டு வீட்டு பீரோவுல, ஆறு வருஷம் எந்த பெர்ஃப்யூமும் அப்படியே இருக்காது.

அக்கவுண்டிங் மொழியில சொன்னா, இது டெட் ஸ்டாக். கடைக்காரர் இப்படி சரக்கை அடுக்கி வச்சா நாம சிரிப்போம். நம்ம பீரோவுல அடுக்கும்போது "கலெக்‌ஷன்"னு பேர் வச்சுடறோம்.

ஒரே ஒரு ரூல் போதும்: கையில இருக்கிற பாட்டில் கால்வாசிக்குக் கீழ போற வரைக்கும் அடுத்தது கிடையாது. 100 மில்லி பாட்டில் உங்களுக்கு ஆறு மாசம் வரும். அப்போ வருஷத்துக்கு இரண்டு பாட்டில், 4,000 ரூபாய். அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு ஒரிஜினல்தான் வேணும்"னா?

இது நியாயமான ஆசை. வாழ்க்கையில ஒரு நாள். அதுக்கு கார்டை எடுக்காதீங்க, அவ்வளவுதான் என் கோரிக்கை.

28,000 ரூபாயைக் கிரெடிட் கார்டுல போட்டு, மினிமம் டியூ மட்டும் கட்டினா என்ன ஆகும்னு பாருங்க. பல கார்டுகள்ல வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதம் வரை இருக்கு. ஒரு மாச வட்டி 980 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 176 ரூபாய். ஆக 1,156. நீங்க 5 சதவீதம் மினிமம் டியூன்னு 1,400 ரூபாய் கட்டினா, அசல்ல குறையறது 244 ரூபாய்தான். பெர்ஃப்யூம் ஏழு மாசம் சொச்சத்துல தீர்ந்துடும், கடன் தீராது. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு வந்தாலும் பிராசசிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டி இரண்டும் இருக்கான்னு பாருங்க. பல நேரம் இருக்கும்.

மாற்று வழி ஒண்ணு இருக்கு. ஒரிஜினல் பாட்டில்ல இருந்து 5 மில்லி, 10 மில்லின்னு சின்னக் குப்பியில ஊத்தி விக்கிறாங்க, "டீகான்ட்"னு சொல்வாங்க. நம்ம கணக்குல ஒரு மில்லி 373 ரூபாய். 5 மில்லி 1,867 ரூபாய், அது மேல விக்கிறவரோட லாபம். 50 ஸ்ப்ரே வரும். ஒரு நிச்சயதார்த்தம், ஒரு ரிசப்ஷன், ஒரு முதல் நாள் வேலை எல்லாத்துக்கும் போதும். வேடிக்கையைக் கவனிச்சீங்களா? 5 மில்லி ஒரிஜினலும் 100 மில்லி இன்ஸ்பயர்டும் ஏறக்குறைய ஒரே விலை. எது வேணும்னு உங்க தேவைதான் சொல்லணும். ஒரு எச்சரிக்கை: டீகான்ட் குப்பியில ஒரிஜினல் லேபிள் இருக்காது. நம்பிக்கையான ஆள்கிட்ட மட்டும், முடிஞ்சா எதிர்லயே ஊத்திக் கொடுக்கச் சொல்லி வாங்குங்க.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க

வெளிநாட்டு சென்ட் நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல. பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்களுக்காக 1969ல பீச் ஸ்டேஷன் பக்கம் வந்த பர்மா பஜார்ல, தாராளமயமாக்கலுக்கு முன்னாடியே ஃபாரின் சென்ட் வாங்கினது நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறை. இன்னைக்கு அங்க வாங்கினாலும், மால்ல வாங்கினாலும், ஆன்லைன்ல வாங்கினாலும் செக் ஒண்ணுதான்.

முதல்ல லேபிள். இறக்குமதி ஆன காஸ்மெட்டிக்னா, இறக்குமதியாளர் பேர், முகவரி, இந்தியாவுல வாங்கின பதிவுச் சான்றிதழ் எண், எம்ஆர்பி, அளவு, தேதி எல்லாம் இருக்கணும். பல பெட்டியில இது ஒட்டின ஸ்டிக்கரா இருக்கும். ஸ்டிக்கரே இல்லைன்னா முறையான வழியில வரலைன்னு அர்த்தம். துபாய்ல இருந்து மாமா பெட்டியில கொண்டுவந்து கொடுக்கிறது வேற. அவர் சொந்த உபயோகத்துக்குன்னு ஃப்ரீ அலவன்ஸுக்குள்ள கொண்டு வரலாம். அதையே ஒருத்தர் கடையில வச்சு விக்கிறது வேற.

இரண்டாவது, விலை. நான் ஆடிட்டர், அதனால இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். பெர்ஃப்யூம் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், அது மேல சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் சேர்ந்து 22. அப்புறம் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2,000 ரூபாய் எம்ஆர்பியில 305 ரூபாய் ஜிஎஸ்டி மட்டுமே. 700 ரூபாய் சரக்கு துறைமுகத்தைத் தாண்டி வரும்போதே வரியோட சேர்த்து 1,008 ரூபாய் ஆகிடும். அதனால "ஒரிஜினல் டெலினா, சீல்டு பாக்ஸ், 1,499"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. அது ஆஃபரா இருக்கவே முடியாது. போலியா இருக்கும், இல்லைன்னா திருட்டுச் சரக்கா இருக்கும்.

மூணாவது, பில். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்க. கடைக்காரர் முகம் சுளிச்சாலும் கேளுங்க. பிரச்சினை வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் பண்ண அந்த பில்தான் ஆதாரம்.

நாலாவது, உங்க உடம்பு. கடையில பேப்பர்ல அடிச்சு மோந்து பார்த்து முடிவெடுக்காதீங்க. மணிக்கட்டுல ஒரு ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. பழ வாசனைதான் முதல்ல பறந்து போறது. காலையில விம்கோ நகர்ல மெட்ரோ ஏறும்போது இருந்த லிச்சி, ஆலந்தூர் வர்றதுக்குள்ள காணாமப் போயிருக்கும். அதுக்கப்புறம் தங்குற ரோஜா உங்களுக்குப் பிடிக்குதான்னு பாருங்க. நாள் முழுக்க உங்ககூட இருக்கப்போறது அதுதான். தோல் அரிச்சா, தலைவலி வந்தா, எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2023 டிசம்பர்ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினதும், அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி அம்மோனியா கசிஞ்சு ஜனங்க வீட்டை விட்டு ஓடினதும் நமக்கு மறக்காது. நம்ம ஏரியாவுல மூச்சுத் தொந்தரவு இருக்கிற வீடுகள் அதிகம். பெரியவங்க, குழந்தைங்க இருக்கிற சின்ன ரூம்ல ஆறு ஸ்ப்ரே அடிக்காதீங்க. வாசல்ல, காத்தோட்டமா நின்னு அடிச்சுக்குங்க. தோல் வறண்டிருந்தா முதல்ல லேசா வாசலின் தடவிட்டு அடிங்க, கொஞ்ச நேரம் கூடத் தங்கும், ஸ்ப்ரேயும் குறையும். பாட்டிலை வண்டி டிக்கியில வச்சு வெயில்ல வேகவிடாதீங்க.

சுருக்கமா

உங்க தேவை தினமும் ஆபீஸுக்கு நல்லா மணக்கிறதுன்னா, லேபிளும் பில்லும் சரியா இருக்கிற இன்ஸ்பயர்டு பாட்டில் ஒண்ணு போதும். மாசம் 312 ரூபாய்ல வேலை முடிஞ்சது. ஒரு விசேஷ நாளுக்கு ஒரிஜினல் வேணும்னா, முழு பாட்டிலுக்குக் கடன் வாங்காம சின்னக் குப்பியில வாங்குங்க. போலியை வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்.

அந்த 26,000 ரூபாயைப் பத்தி என்ன பண்றதுன்னு கேட்டா, ஒரு வேலை பண்ணிப் பாருங்க. 28,000 ரூபாய் பாட்டிலை உண்மையாவே வாங்கலாம்னு யோசிச்சவர்னா, "மிச்சம் பிடிச்சேன்"னு நீங்க சொல்ற பணத்தை மாசம் 3,500 ரூபாயா ஒரு ஆர்டி ஆரம்பிச்சு அதுல போடுங்க. பன்னிரண்டு மாசம் கழிச்சு வட்டி இல்லாமலே 42,000 நிக்கும். 22,000 சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய இரண்டு மாச எமர்ஜென்சி ஃபண்ட். பணம் அங்க வந்து உட்கார்ந்தா மட்டும் அதைச் சேமிப்புன்னு சொல்லுங்க. வரலைன்னா நீங்க பண்ணினது 2,000 ரூபாய் செலவுதான்.

அந்த 2,000க்கு உங்களுக்கு ஆறு மாசம் தன்னம்பிக்கையோட ஒரு மீட்டிங் ரூமுக்குள்ள நுழைய முடிஞ்சா, அது நல்ல செலவு. ஒரே ஒரு பாட்டிலோட நிறுத்திக்குங்க.

ஸ்ப்ரே கணக்கு போடற எக்செல் ஷீட்டை எப்படி உங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறதுன்னு இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன். பாருங்க, ஆபீஸ் நண்பர்களுக்கும் அனுப்புங்க. அடுத்த கட்டுரையில சந்திப்போம்.